கோடை வெயிலை மண்ணுக்குள் சேமித்த குடியிருப்பு

பகல் வெயிலில் சூடான தண்ணீரை இரவில் குளிக்கப் பயன்படுத்துவது நமக்குப் புதிதல்ல. தாமான் வீடுகள் சிலவற்றின் கூரையில் அதற்கான தகடும் தொட்டியும் இருப்பதைப் பார்த்திருப்போம். ஆனால், ஜூலை மாத வெயிலை ஜனவரி வரை வைத்திருக்க முடியுமா?

கனடாவின் அல்பெர்ட்டா மாநிலத்தில், ஒக்கோடோக்ஸ் எனும் சிறுநகரில் உள்ள டிரேக் லேண்டிங் குடியிருப்பு 2007 முதல் அதைச் செய்து காட்டியது. அங்குள்ள 52 வீடுகளுக்காக, கார் கொட்டகைகளின் கூரைகளில் சுமார் 800 சூரியத் தகடுகள் பொருத்தப்பட்டன. கோடையில் அவை திரட்டிய வெப்பம், குழாய்நீர் வழியாக நிலத்தடிக்குச் சென்றது. அங்கே 37 மீட்டர் ஆழத்திற்கு 144 துளைகள். கோடை முடிவில் அந்த மண் 80 டிகிரி செல்சியஸ் வரை சூடேறியது. குளிர்காலத்தில் அதே குழாய்கள் வழியாக வெப்பம் வீடுகளுக்குத் திரும்பியது.

மண் ஏன் ஆறிப்போகவில்லை? விறகடுப்பை நினைத்துப் பாருங்கள். தனியே கிடக்கும் ஒரு கங்கு சீக்கிரம் அணைந்துவிடும். குவித்துச் சாம்பலால் மூடிய தணலோ விடியும்வரை கனன்றுகொண்டிருக்கும். குவியலின் நீள, அகல, உயரம் இரண்டு மடங்கானால், அது தாங்கும் வெப்பம் எட்டு மடங்காகும். வெப்பம் வெளியேறும் மேற்பரப்போ நான்கு மடங்குதான். அதனால்தான் பல வீடுகள் சேர்ந்து ஒரே பெரிய சேமிப்பை அமைத்தன. ஒரு வீட்டின் கொல்லையில் சிறிதாகத் தோண்டினால், குளிர்காலம் வருவதற்குள் பெரும்பகுதி வெப்பம் கசிந்துவிடும்.

மண்ணைச் சூடாக்கவே சில ஆண்டுகள் பிடித்தன. பொறுமைக்குப் பலன் கிடைத்தது. 2015-2016 குளிர்காலத்தில், வீடுகளைச் சூடாக்கத் தேவைப்பட்ட வெப்பம் முழுவதையும் சூரியனே கொடுத்தது. குளிக்கும் வெந்நீருக்கு மட்டும் வீட்டுக் கூரைகளில் தனித் தகடுகள் இருந்தன. அவை தேவையில் ஏறத்தாழ 60 விழுக்காட்டை ஈடுகட்டின.

ஆயினும் கருவிகள் பழசாகின. மாற்று உதிரிப்பாகங்கள் கிடைப்பது அரிதானது. 2024-இல் திட்டம் மூடப்பட்டு, வீடுகள் எரிவாயுவுக்கு மாறின. மண் தன் வேலையைச் செய்தது. பழுது பார்ப்பதுதான் பாரமானது.

ஆண்டு முழுதும் வெயில் காயும் நம் நாட்டில் வெப்பத்தை ஆறு மாதம் காக்க வேண்டியதில்லை. ஓர் இரவு காத்தால் போதும். அதற்கு நிலத்தைத் தோண்ட வேண்டாம். சூரிய வெந்நீர்க் கருவி வாங்க நினைப்போர் இரண்டு கேள்விகளைக் கேட்டாலே போதும்: தொட்டி இரவு முழுதும் சூட்டைத் தாங்குமா? பத்து ஆண்டு கழித்தும் அதற்கு உதிரிப்பாகம் கிடைக்குமா?