மென்னனைட் வீடுகளின் இறைச்சி பன்

தென் உக்ரைனின் சமவெளியிலும், அங்கிருந்து கடல் கடந்து கனடாவின் மானிடோபா மாகாணத்திலும், அமெரிக்காவின் கான்சாஸ், நெப்ராஸ்கா ராஜ்யங்களிலும் குடியேறி விவசாயம் செய்து வாழ்ந்த மென்னனைட் என்னும் கிறிஸ்தவ சமூகத்தாரின் வீடுகளில், சனிக்கிழமை என்பது ரொட்டி சுடும் நாள். மறுநாள் ஆராதனைக்கும் ஓய்வுக்கும் உரியதாகையால் அன்று அடுப்பு வேலையைக் கூடியவரையில் தவிர்ப்பதும், அப்படித் தவிர்த்தபோதிலும் பிற்பகலில் வந்து அமரும் சுற்றத்தாருக்குக் காப்பியும் பன்னும் ஜாமும் குறைவற அளிப்பதும் அந்த வீடுகளின் சம்பிரதாயம். ஈஸ்ட் இட்டு உப்பவைத்த மாவைப் பிசைவதில் இவ்வாறு தலைமுறை தலைமுறையாகக் கைப்பழக்கம் பெற்ற பெண்கள், தங்கள் அயலாரான உக்ரைனியரிடம் கற்றுத் தங்களுடையதாக்கிக்கொண்ட பண்டமே ‘பெரிஷ்கி’. உள்ளங்கையில் அடங்கும் அளவில், வெளியே மிருதுவான பன்னும் உள்ளே மிளகு மணக்கும் கொத்துக்கறிப் பூரணமுமாக அமைந்த இதனை வீட்டிலேயே செய்யும் முறையை விளக்குவது இக்கட்டுரையின் நோக்கம். ஆயினும் இதைத் தங்களுடையதாக்கிக்கொண்ட மக்களின் சரித்திரத்தைச் சிறிதேனும் அறியாமல் இதன் பக்குவத்தை அறிய முடியாது என்பது என் அபிப்பிராயம்.

நெதர்லாந்தின் ஃபிரீஸ்லாந்துப் பிரதேசத்தில் கத்தோலிக்கக் குருவாயிருந்த மென்னோ சைமன்ஸ் என்பவர் 1536-இல் தம் பதவியைத் துறந்து, விவரமறிந்த வயதில் தானே விரும்பிப் பெறுவதே ஞானஸ்நானம் என்றும், கிறிஸ்துவைப் பின்பற்றுவோர் வாளெடுக்கலாகாது என்றும் போதித்த இயக்கத்தில் சேர்ந்தார். அவர் பெயரால் வழங்கலான அந்த ஜனங்கள், கொள்கைக்காகச் சிறையும் மரணமும் அனுபவித்து, டான்சிக் நகரை அடுத்த விஸ்டுலா நதியின் கழிமுகத்திலே சதுப்பு நிலத்தைத் திருத்திப் பயிர் செய்தார்கள். படையில் சேர மறுப்பவர்கள் புதிதாக நிலம் வாங்குவதற்குப் பிரஷ்ய அரசு தடைகள் விதிக்கவே, ருஷ்யச் சக்கரவர்த்தினி காதரீனின் அழைப்பை ஏற்று, அந்நாளில் ருஷ்ய ஆட்சியிலிருந்த தென் உக்ரைனில், 1789-இல் நீப்பர் நதிக்கரையில் ஹோர்ட்டிட்ஸா என்னும் குடியிருப்பையும், 1804-இல் மொலோச்னா என்னும் பெரிய குடியிருப்பையும் ஸ்தாபித்தார்கள். ஆனால் ருஷ்யாவிலும் கட்டாய ராணுவ சேவைச் சட்டம் வந்தது. 1874 முதலாக ஒரு பத்தாண்டுக்குள் சுமார் 18,000 பேர் வட அமெரிக்காவுக்குக் கப்பலேறினார்கள். புரட்சியையும் உள்நாட்டு யுத்தத்தையும் பஞ்சத்தையும் கண்ட பின்னர், 1923 தொடங்கிச் சில ஆண்டுகளில் மேலும் சுமார் 20,000 பேர் கனடாவை அடைந்தார்கள்.

கொலை செய்ய மறுத்ததே முக்கியக் காரணமாக இத்தனை முறை வீடு மாறியவர்கள், போன இடமெல்லாம் தங்கள் கீழ்ஜெர்மன் பேச்சையும் சமையலையும் சுமந்து சென்றார்கள். இரட்டை அடுக்காக உருட்டிச் சுட்ட தங்கள் பன்களை ஈரம் போக மறுபடியும் வாட்டி, மூட்டை கட்டி, நெடும் பிரயாணத்துக்கு ஆகாரமாகக் கொண்டுபோனார்கள். போர்ஷ் என்னும் முட்டைக்கோசுச் சூப்பும், பாலாடைக்கட்டி பொதிந்து வேகவைத்த வெரெனிக்கியும், நாம் பேசும் பெரிஷ்கியும் உக்ரைனின் மண்ணிலிருந்து அவர்களோடு புறப்பட்டவை. அரசுகள் பறிக்கக்கூடிய நிலமும் வீடும் போயின. தாயின் கையைப் பார்த்து மகள் கற்ற பக்குவம் நிலைத்தது.

இனி, செய்முறை. இக்காலத்துக் குறிப்புகள் பலவும் பச்சைக் கொத்துக்கறியை வதக்குவதிலிருந்து தொடங்குகின்றன. பழைய குடும்பங்கள் பலவற்றிலோ, முதல் நாள் அடுப்பில் வாட்டிய மாட்டிறைச்சியில் மிஞ்சியதை அரைத்து, அதன் குழம்பில் சிறிது விட்டு நனைத்து, அதையே பூரணமாக வைத்தார்கள். சிக்கனத்தை ஒரு தர்மமாகவே போற்றியவர்கள் மிச்சத்தை வீணாக்கமாட்டார்கள் என்பது ஒருபுறமிருக்க, அந்தப் பூரணம் முன்பே வெந்து, ஆறி, நீர் வற்றி, கொழுப்பு உறைந்து இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். இந்தப் பன்னுக்கு வேண்டியது அத்தகைய பூரணமே. சூடான பூரணத்தை வைத்தால் மாவிலுள்ள வெண்ணெய் உருகி, அடிப்பாகம் இளகிக் கிழியும். நீர்த்த பூரணத்தை வைத்தால் உள்மாவு வேகாமல் களியாக நின்றுவிடும். ஆகவே புதிதாக இறைச்சி வாங்கிச் செய்பவரும் பூரணத்தை முதல் நாள் மாலையே சமைத்து, குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிடுதல் உத்தமம்.

அரைக் கிலோ கொத்துக்கறிக்குப் பெரிய வெங்காயம் ஒன்று போதும். வெங்காயத்தைப் பொடியாக நறுக்கிச் சிறிது கொழுப்பில் வதக்கி, இறைச்சியைச் சேர்த்து, கட்டிகளை உடைத்துக்கொண்டே நீர் முழுதும் சுண்டும்வரை கிளறி, உப்பும் தாராளமாக மிளகுத்தூளும் இட வேண்டும். வேகவைத்து மசித்த உருளைக்கிழங்கு ஒன்றைச் சேர்ப்பவர்கள் உண்டு. அது இறைச்சியைப் பிணைத்து, எஞ்சிய ஈரத்தையும் உறிஞ்சிக்கொள்வதால் நான் அதை விரும்புகிறேன்.

மாவுக்கு, 500 கிராம் மைதா, 250 மில்லி பால், முட்டை ஒன்று, வெண்ணெய் 60 கிராம், சர்க்கரை இரண்டு மேசைக்கரண்டி, உப்பு ஒரு தேக்கரண்டி, உலர்ந்த ஈஸ்ட் 7 கிராம். பாலைக் காய்ச்சி, விரல் வைத்தால் இதமாகத் தோன்றும் வெதுவெதுப்புக்கு ஆறவைத்த பின்னரே ஈஸ்டைக் கலக்க வேண்டும். ஈஸ்ட் உயிருள்ள நுண்கிருமியாகையால் கொதிக்கும் பாலில் மாண்டுபோகும், குளிர்ந்த பாலில் சோம்பிக் கிடக்கும். பத்து நிமிஷம் சிரத்தையுடன் பிசைந்தால், முதலில் கையில் ஒட்டிய மாவு மெல்ல வழவழப்படைந்து, இழுத்தால் அறுபடாமல் நீளத் தொடங்கும். ஈஸ்ட் வெளியிடும் வாயுவை உள்ளே பிடித்து வைப்பது பிசைவதால் உண்டாகும் இந்த இழுவைத் தன்மையே. பிறகு மூடி வைத்து, இரட்டிப்பாக உப்பும்வரை காத்திருக்க வேண்டும். கடிகாரத்தைவிட விரலே நம்பத்தக்கது: மாவில் விரலை அழுத்தி எடுத்தால் குழி மெதுவாக, அரைகுறையாக மேலெழும்பினால் பதம் வந்துவிட்டது.

மாவைச் சுமார் 50 கிராம் எடையுள்ள பதினெட்டு உருண்டைகளாக்கி, ஒவ்வொன்றையும் நடு தடித்தும் ஓரம் மெலிந்தும் இருக்கும்படி கையாலேயே தட்டுங்கள். எல்லா ஓரமும் ஒன்றுசேரும் இடத்தில் மாவு கனப்பதால், ஓரத்தை முன்கூட்டியே மெல்லியதாக்குவது அவசியம். ஒரு மேசைக்கரண்டிக்குச் சற்று மேலான பூரணத்தை நடுவில் அழுத்தி வைத்து, சுருக்குப்பையின் வாயைச் சேர்ப்பதுபோல் ஓரங்களை மேலே கூட்டி, பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் இறுக்கிக் கிள்ளி மூடுங்கள். இந்த ஓரத்தில் கொழுப்பு ஒரு துளி பட்டாலும் மாவோடு மாவு ஒட்டாது; பூரணத்தைத் தொட்ட விரலைத் துணியில் துடைத்துவிட்டே மூட வேண்டும். ஓவனில் வாய்பிளந்து சாறு கக்கும் பன்களிற் பெரும்பாலானவை இந்த ஒரு கவனக்குறைவின் பலன்.

மூடிய வாய் கீழே இருக்கும்படி தட்டில் இடைவெளி விட்டு அடுக்கி, மேலும் அரை மணி நேரம் உப்பவிட்டு, முட்டையை அடித்துத் தடவி, 190 டிகிரி செல்சியஸ் சூட்டில் இருபது நிமிஷம் சுட்டால் பொன்னிறமாகும். வெளியே எடுத்தவுடன் வெண்ணெய் தடவினால் மேற்தோல் மிருதுவாக நிற்கும்.

வால்கா நதிக்கரையிலிருந்து வந்த ஜெர்மானியர் இதேபோல் முட்டைக்கோசும் சேர்த்துச் செய்த ‘பீரோக்’ கான்சாஸ் பக்கத்தில் மென்னனைட் வீடுகளிலும் வழங்குகிறது. அதன் நெப்ராஸ்கா வடிவமான ‘ரன்ஸா’ 1949-இல் லிங்கன் நகரில் தொடங்கிய உணவகத்தின் மூலம் அந்த ராஜ்யமெங்கும் பிரசித்தமாயிற்று. முட்டைக்கோசு சேர்ப்பவர்கள் அதை இறைச்சியுடன் நன்றாக வதக்கி நீரை வற்றச்செய்ய மறக்கலாகாது.

சுட்ட பன்களை முழுதும் ஆறவிட்டு உறைபெட்டியில் வைத்தால் இரண்டு மாதம் சுவை கெடாது; வேண்டியபோது எடுத்து ஓவனில் சூடாக்கிக்கொள்ளலாம். மாட்டிறைச்சி உண்ணாதவர்கள் ஆட்டுக் கொத்துக்கறியிலோ கோழியிலோ இதைச் செய்யலாம், நன்றாகவே அமையும். ஆனால் முதல் முறையேனும் மசாலா எதுவும் சேர்க்காமல், வெங்காயமும் உப்பும் மிளகும் மட்டும் இட்டு, ஒரு கிண்ணம் சூடான சூப்புடன் உண்டு பாருங்கள்.