செல்ஃப் எடுக்காத பழைய குட்டி யானை... பேட்டரியை மாத்துறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க!

காலை 4 மணிக்கு லோடு ஏத்தணும். சாவியைத் திருப்பினா ‘டிக் டிக் டிக்’. அவ்வளவுதான், வண்டி அசையலை. ‘பேட்டரி போயிடுச்சு தம்பி, மாத்திடு’ன்னு பக்கத்துல நிக்கிறவர் சொல்வார். மாத்துவீங்க. ஒரு வாரம் ஓடும், மறுபடியும் அதே ‘டிக் டிக்’. அடுத்த பழி செல்ஃப் மோட்டார் மேல. அதையும் கழட்டிக் கொடுத்து, ரெண்டு நாள் வாடகையையும் விட்ட பிறகு பார்த்தா, சேஸிஸ்ல ஒரு போல்ட் துருப்பிடிச்சிருக்கும். மொத்த வில்லனும் அதுதான்!

டாடா ஏஸ் வந்தது 2005-ல். 702 சிசி, ரெண்டு சிலிண்டர் டீசல் இன்ஜின், 16 குதிரைத்திறன். ஆரம்பகால மாடல்கள்ல எலக்ட்ரானிக்ஸ் ரொம்பக் குறைவு. செகண்ட் ஹேண்ட்ல வாங்கி, தண்ணி கேன், காய்கறினு தொழில் பண்றவங்களுக்கு இது பெரிய வரம். பாதிப் பிரச்னையை நீங்களே கண்டுபிடிச்சிடலாம். தேவை, சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிற ஒரு மல்ட்டிமீட்டரும் கொஞ்சம் பொறுமையும்.

முதல்ல காதைத் தீட்டிக்கோங்க. வேகமா ‘டிக் டிக் டிக்’னு வந்தா, செல்ஃப் மோட்டாருக்குப் போதுமான கரன்ட் போகலைனு அர்த்தம். ஒரே ஒரு ‘டக்’ மட்டும் வந்து நின்னா, சந்தேகம் செல்ஃப் மோட்டார் பக்கம் திரும்பணும். சத்தமே இல்லையா? டெர்மினல், ஃப்யூஸ், சாவி ஸ்விட்ச் மூணையும் பாருங்க. தள்ளிவிட்டா வண்டி ஸ்டார்ட் ஆகுதா? அப்போ இன்ஜினும் டீசல் லைனும் நல்லா இருக்கு. பிரச்னை எலக்ட்ரிக்கல்லதான்.

இப்போ மீட்டரை எடுங்க. ராத்திரி முழுக்க நின்ன வண்டியோட பேட்டரியில 12.6 வோல்ட் காட்டினா, அது ஃபுல் சார்ஜ். 12.2 பக்கம் இருந்தா பாதிதான். அடுத்து, வண்டியை நியூட்ரல்ல போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்துட்டு, ஒருத்தரை சாவி திருப்பச் சொல்லுங்க. அந்த நேரத்துல மீட்டர் 9.6-க்குக் கீழ விழுந்தா பேட்டரி வீக், இல்லைன்னா செல்ஃப் மோட்டார் அளவுக்கு மீறி கரன்ட் இழுக்குது. ஆனா, பேட்டரி 12 பக்கமே நின்னுக்கிட்டு செல்ஃப் மட்டும் சோம்பலா சுத்துதா? பேட்டரி மேல தப்பே இல்லை. கரன்ட் வழியில எங்கேயோ மாட்டிக்குது.

எங்கே மாட்டுதுன்னு பார்க்க ஓர் எளிய டெஸ்ட் இருக்கு. மீட்டரோட ஒரு முனையை பேட்டரி நெகட்டிவ் தூண்லயும் (மேல மாட்டியிருக்கிற கிளாம்ப்ல இல்லை, ஈயத் தூண்லயே), இன்னொண்ணை இன்ஜின் பிளாக்ல சுத்தமான இரும்புலயும் வைங்க. செல்ஃப் அடிக்கும்போது அரை வோல்ட்டுக்கு மேல காட்டினா, எர்த் சரியில்லை. பாடியில எர்த் கேபிள் சேர்ற போல்ட்டைக் கழட்டி, துருவையும் பெயின்ட்டையும் எமரி பேப்பர்ல தேய்ச்சு, இறுக்கமா மாட்டுங்க. செலவு? எமரி பேப்பர் காசுதான். இண்டிகேட்டர் போட்டா பின்னாடி பார்க் லைட்டும் சேர்ந்து மினுக்குற கூத்துக்கும் பெரும்பாலும் இதே எர்த்தான் காரணம்.

டெர்மினல்ல பச்சையா, வெள்ளையா பூத்திருந்தா ஆப்ப சோடா கலந்த தண்ணியில கழுவுங்க. கழட்டும்போது நெகட்டிவ் முதல்ல, மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில. இதை மாத்தினா, ஸ்பேனர் பாடியில பட்டு பொறி பறக்கும்.

வண்டி ஓடும்போது பேட்டரியில 13.8-லிருந்து 14.4 வோல்ட் வரைக்கும் இருக்கணும். 12-லேயே நின்னா சார்ஜ் ஏறலை. ஆல்டர்னேட்டரைக் கழட்டுறதுக்கு முன்னாடி பெல்ட் தொங்குதானு பாருங்க. 15-க்கு மேல போனா ரெகுலேட்டர் காலி. அப்படியே ஓட்டினா புது பேட்டரியும் வெந்துடும்.

ஃப்யூஸ் விஷயத்துல மட்டும் ஸ்ட்ரிக்ட்டா இருங்க. 10 ஆம்பியர் சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள். சிவப்பு அடிக்கடி போகுதுன்னு மஞ்சளை மாட்டுறது, சிகரெட் அட்டை ஃபாயிலைச் சுத்துறது எல்லாம் வேலைக்கு ஆகாது. ஃப்யூஸுக்குப் பதிலா வயர் எரியும். டி.ஜே. செட்டுக்கும் கலர் லைட்டுக்கும் யாரோ முறுக்கி டேப் ஒட்டின வயரை முதல்ல தேடுங்க.

செல்ஃப் நல்லா சுத்துது, ஆனா ஸ்டார்ட் ஆகலைன்னா, சைலன்சரைப் பாருங்க. புகையே வரலைன்னா சிலிண்டருக்கு டீசல் போகலை. டேங்க் காலியாகி நிரப்பினீங்களா, ஃபில்ட்டர் மாத்தினீங்களா? ஏர் லாக்தான். ஹேண்ட் பம்ப்பை அடிச்சு காத்தை வெளியேத்தணும். வெள்ளைப் புகை வந்தா டீசல் போகுது, எரியலை. ஹீட்டர் பிளக், கம்ப்ரஷன்னு மெக்கானிக் பார்க்க வேண்டிய ஏரியா அது. ஓடும்போது கறுப்புப் புகைன்னா முதல்ல ஏர் ஃபில்ட்டரைத் தட்டிப் பாருங்க. நீலப் புகைன்னா இன்ஜின் ஆயில் எரியுது, செலவுக்கு ரெடியாகுங்க.

டெம்பரேச்சர் முள் ஏறினா ஓரம் கட்டி இன்ஜினை நிறுத்துங்க. சூடா இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. பிரஷர்ல கொதிக்கிற தண்ணி முகத்துல அடிக்கும். ஆறின பிறகு கூலன்ட், ஹோஸ், பெல்ட் மூணையும் பாருங்க. பல வண்டிகள்ல தண்ணி பம்ப்பையும் ஆல்டர்னேட்டரையும் ஒரே பெல்ட்தான் சுத்தும். அதனால சார்ஜ் லைட் எரிஞ்சுக்கிட்டே சூடும் ஏறினா, பெல்ட் அறுந்திருக்க வாய்ப்பு அதிகம்.

மெக்கானிக்கிட்ட போகும்போது ‘பேட்டரி மாத்துங்கண்ணா’ன்னு சொல்லாதீங்க. ‘செல்ஃப் அடிக்கிறப்போ இவ்வளவு வோல்ட் விழுதுண்ணா’ன்னு சொல்லுங்க. அவருக்கும் நேரம் மிச்சம், உங்களுக்கும் காசு மிச்சம்.

பிரேக்ல மட்டும் இந்த சுய வைத்தியம் வேண்டாம். பெடல் பஞ்சு மாதிரி அமுங்குறது, மிதிச்சுக்கிட்டே இருக்கும்போது மெல்ல கீழ இறங்குறது, ஒரு பக்கமா இழுக்குறது, வீல் உள்பக்கம் எண்ணெய்க் கசிவு... இதுல எது தெரிஞ்சாலும் அன்னிக்கு லோடு கேன்சல். 750 கிலோ ஏத்திக்கிட்டு ‘ரெண்டு தடவை மிதிச்சா பிடிச்சுக்கும்’னு கிளம்புறவங்களைப் பார்க்கலாம், ஃப்ளூயிட் கசியுற வண்டியில மூணாவது தடவை பிடிக்கணும்னு கட்டாயம் இல்லை. கயிறு கட்டி இழுத்துக்கிட்டுப் போகவும் கூடாது, பின்னாடி வர்ற வண்டிக்கும் பிரேக் வேணுமே. மெக்கானிக்கை வண்டி நிக்கிற இடத்துக்கே வரச் சொல்லிடுங்க.