வடம் பிடிக்கும் யந்திரம்

ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் கோயில் கொண்டிருக்கும் சிவபெருமானுக்கு வைத்தியநாதர் என்று திருநாமம். திருமலை நாயக்கரின் தீராத வயிற்று வலி இந்தச் சந்நிதியிலே தீர்ந்தது என்பது ஐதிகம். நோய் தீர வேண்டி இன்றும் ஜனங்கள் வருகிறார்கள். பக்ஷவாதத்தினால் துவண்ட வலது கையை இடது கையால் தாங்கிக்கொண்டு ஒருவர் பிராகாரம் சுற்றுவதைக் கண்டால், நம் மனம் அவருடைய வீட்டை நினைத்துக் கலங்காமல் இருக்குமா?

உண்மையில் பக்ஷவாதம் கையில் வந்த நோயன்று, மூளையில் வந்தது. இரத்தக் குழாய் அடைபட்டோ வெடித்தோ, கையை ஆட்டுவிக்கும் பகுதி சேதமடைகிறது. தறி ஓட்டியவரும், கணக்கு எழுதியவரும், அடுப்படியில் கரண்டி பிடித்தவளும் ஒரே நாளில் பிறர் கையை எதிர்பார்க்க நேரிடுகிறது. எனினும் மூளைக்கு ஓர் அருங்குணம் உண்டு. ஒரே அசைவைத் திரும்பத் திரும்ப முயன்றால், எஞ்சிய பகுதி அவ்வேலையை ஓரளவு கற்றுக்கொள்ளக்கூடும். ஆனால் நாள்தோறும் நூற்றுக்கணக்கான முறை கையைத் தூக்கிப் பிடிக்கப் பயிற்சியாளருக்குத் தெம்பு ஏது? நேரந்தான் ஏது?

இதற்காகவே விஞ்ஞானிகள் கயிற்று யந்திரங்களை அமைத்து வருகிறார்கள். ஆடிப் பூரத்தன்று ஆண்டாள் தேரைப் பார்த்தவர்களுக்கு இவற்றின் தத்துவம் எளிதில் விளங்கும். வடம் இழுக்கும், தள்ளாது. ஆகையால் கையைப் பல பக்கமும் செலுத்தப் பல கயிறுகள் வேண்டும். ஒன்று இழுக்கும்போது மற்றொன்று விட்டுக்கொடுக்க வேண்டும், எதுவும் தொய்ந்துவிடலாகாது. இத்தாலியில் பதுவா நகரத்தார் செய்த 'நெரெபாட்' மூன்று கம்பிகளில் கையைத் தொங்கவிட்டது. கீழே இழுக்கும் வேலையைப் பூமியின் ஈர்ப்பே பார்த்துக்கொண்டது! அமெரிக்காவில் யிங் மாவோவும் சுனில் அகர்வாலும் 2012-இல் விவரித்த 'கேரெக்ஸ்' யந்திரத்தில், கையில் கட்டிய பட்டைகளைக் கயிறுகள் இழுக்கின்றன. மோட்டார்களின் கனம் கையின்மேல் ஏறுவதில்லை. தளர்ந்த கைக்கு இது பெரிய சகாயம்.

யந்திரம் வந்தால் கை வந்துவிடுமா? பிரிட்டனில் 770 நோயாளிகளைக் கொண்டு நடந்த பரீக்ஷையின் முடிவு 2019-இல் வெளியாயிற்று. அங்கே உபயோகித்தது கயிறில்லாத வேறு வகை யந்திரம். வழக்கமான சிகிச்சையைவிட அதனால் கையின் உபயோகம் கூடுதலாகப் பெருகவில்லை. ஆகவே யந்திரத்தை வரமளிக்கும் தெய்வமாக நினைப்பது பிசகு. நோயாளி சும்மாயிருக்க, யந்திரமே கையை ஆட்டினால் மூளை கற்பது சொற்பம். அவர் முயலும்போது குறைந்ததை மட்டும் கொடுத்து, முயற்சி வளர வளரத் தன் உதவியைக் குறைத்துக்கொள்ளும் யந்திரமே நல்ல யந்திரம்.

நம் நாட்டில் இன்னொரு கேள்வியும் உண்டு. விலை என்ன? சென்னை ஐ.ஐ.டி.யும் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியும் சேர்ந்து உருவாக்கிய 'புளூட்டோ' இதற்கு ஒரு வழி காட்டுகிறது. அது கயிற்று யந்திரமன்று; ஒரே மோட்டாரில் கைப்பிடிகளை மாற்றி மாற்றிப் பொருத்தி, மணிக்கட்டுக்கும் விரல்களுக்கும் வீட்டிலேயே பயிற்சி தருவது. தோளுக்கும் முழங்கைக்கும் உதவும் கயிற்று யந்திரங்களும் இவ்வாறே எளிமையாகி, ராஜபாளையம் போன்ற ஊர்களின் ஆஸ்பத்திரிகளுக்கு வர வேண்டும் என்பது நம் ஆசை.

ஊர் கூடித்தான் தேர் இழுக்க வேண்டும். யந்திரம் ஒரு வடம் பிடிக்கட்டும். வைத்தியரும் வீட்டாரும் ஒரு வடம் பிடிக்கட்டும். நோயாளியின் கையும் அவர்களோடு சேரும்போதுதான் தேர் நகரும்.