வீதியில் வீசும் சோளகம்: மன்னார் மோட்டார் சைக்கிளோட்டிகள் அறிய வேண்டியவை

'வேகக் கட்டுப்பாட்டை இழந்த மோட்டார் சைக்கிள் வீதியை விட்டு விலகியதில் இளைஞர் ஒருவர் உயிரிழந்தார்.' இவ்வாறான வாசகம் எமது நாளேடுகளில் இடம்பெறாத வாரம் அரிது. பொலிஸார் அவ்வாறு தெரிவிப்பர், நிருபர் அவ்வாறே எழுதி அனுப்புவார், ஆசிரிய பீடத்தில் இருக்கும் நாமும் அதனை அவ்வாறே அச்சேற்றுவோம். இறந்தவர் வேகமாகச் சென்றார், ஆகவே வீழ்ந்தார் என்பதுடன் விடயம் முடிந்துவிடுகின்றது. அவ்வேளையில் காற்று எவ்வாறிருந்தது என்ற வினாவை நாம் எழுப்புவது அரிது. காற்று வீதியில் தடயம் எதனையும் விட்டுச் செல்வதுமில்லை.

ஏனைய மாவட்டங்களில் இவ்வினா அவசியமற்றதாகத் தோன்றலாம். கட்டுக்கரை தொடக்கம் தலைமன்னார் வரையான நிலப்பரப்பில் அது தவிர்க்க முடியாதது. மே மாதம் முதல் செப்டெம்பர் வரை இங்கு தென்மேற்கிலிருந்து சோளகம் ஓயாது வீசுகின்றது. ஆண்டின் இறுதியில் வாடை திரும்புகின்றது. இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய கடற்பரப்பினூடாக நெருக்கப்பட்டு வருவதால் காற்று இங்கு மேலும் வலுப்பெறுகின்றது. 2020 டிசம்பரில் மன்னார்த் தீவின் தென்கரையோரமாக 30 கோபுரங்களுடன் 103.5 மெகாவாற் ஆற்றல் கொண்ட 'தம்பபவனி' காற்றாலை திறந்து வைக்கப்பட்டது இக்காற்றை நம்பியே. மின்னுக்காகத் தேடி வரப்பட்ட அதே காற்றுத்தான் வீதியில் செல்பவரின் விலாவிலும் மோதுகின்றது.

எமது மீனவர்கள் சோளகம், வாடை, கொண்டல், கச்சான் என்று காற்றுக்குப் பெயரிட்டு, அதன் குணமறிந்து தொழில் செய்பவர்கள். புத்தளத்திலிருந்து மன்னார் ஊடாகக் காங்கேசன்துறை வரையான கடற்பரப்பில் காற்றின் வேகம் அதிகரிக்கும் என வளிமண்டலவியல் திணைக்களம் அறிவித்தால், வள்ளத்தைக் கரையேற்றுபவர் பலர். அதே மனிதர் அன்று மாலை மோட்டார் சைக்கிளில் ஏறி மன்னார்ப் பாலத்தைக் கடக்கும்போது அந்த அறிவித்தலைத் தமக்குரியதாக எண்ணுவதில்லை. கடலுக்கு விடுக்கப்பட்ட எச்சரிக்கை கரையுடன் முடிந்துவிடுவதாக நாம் கருதுகின்றோம். காற்று அவ்வாறு கருதுவதில்லை.

இதற்கு ஒரு வரலாற்றுக் காரணமும் உண்டு. 1990 இல் மன்னார்ப் பாலம் தகர்க்கப்பட்டது. அவ்வாண்டு ஒக்டோபரில் வடபுலத்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டு, எருக்கலம்பிட்டி, தாராபுரம், முசலிப் பிரதேச மக்களுட்பட ஆயிரக்கணக்கானோர் புத்தளத்தில் அகதிகளாயினர். தமிழ் மக்களும் மடுவுக்கும் தமிழகத்துக்கும் வன்னிக்குமாகச் சிதறினர். ஒரு தலைமுறைக்கு இந்த வீதிகள் மூடிய வீதிகளாகவே இருந்தன. திறந்திருந்த காலத்திலும் குண்டும் குழியுமான பாதையில் மணிக்கு இருபது, முப்பது கிலோமீற்றருக்கு மேல் எவரும் செல்ல இயலவில்லை. 2009 இன் பின்னர் வீதிகள் காபட் இடப்பட்டன. 2010 இல் புதிய பாலம் திறக்கப்பட்டது. மீளக் குடியமர்ந்த குடும்பங்களுக்கும், புத்தளத்தில் பிறந்து வளர்ந்து இன்று இரு ஊர்களுக்குமிடையே ஓடித் திரியும் இளைஞர்களுக்கும் மோட்டார் சைக்கிளே பிரதான வாகனமாயிற்று. வீதி மாறியது, வாகனம் மாறியது, வேகம் மும்மடங்காயிற்று. காற்று மட்டும் பழைய காற்றாகவே இருக்கின்றது. அக்காற்றில் இவ்வேகத்தில் செல்வது எவ்வாறென்று மகனுக்குச் சொல்லிக் கொடுக்கத் தந்தைக்கும் அனுபவமில்லை.

முதலில் நிலத்தின் அமைப்பைக் கவனிப்போம். மன்னார்த் தீவு தென்கிழக்கிலிருந்து வடமேற்காக நீண்டு கிடக்கின்றது. தலைமன்னார் வீதியும் அவ்வாறே செல்கின்றது. தென்மேற்கிலிருந்து வரும் சோளகம் ஆகவே இவ்வீதியை ஏறத்தாழக் குறுக்காகவே தாக்குகின்றது. பெருநிலத்தையும் தீவையும் இணைக்கும், ஏறத்தாழ 3 கிலோமீற்றர் நீளமான தாம்போதியிலும் பாலத்திலும் நிலைமை இதுவே. அங்கு இருபுறமும் நீர். மரமோ மதிலோ இல்லை. கட்டுக்கரைக் குளத்தை அண்டிய திறந்த வெளியும் இத்தன்மையதே. நீர்ப்பரப்பும் அறுவடை முடிந்த வயலும் காற்றைத் தடுப்பதில்லை. மேடான குளக்கட்டில் செல்பவருக்கு அது இன்னும் பலமாக வந்து மோதும்.

இனி, காற்றின் விசையை நோக்குவோம். காற்றின் வேகம் இரு மடங்கானால் அதன் விசை நான்கு மடங்காகின்றது. மோட்டார் சைக்கிளும் செலுத்துபவரும் சேர்ந்து பக்கவாட்டில் ஏறத்தாழ ஒரு சதுர மீற்றர் பரப்பைக் காற்றுக்குக் காட்டுகின்றனர் என்று கொள்வோம். மணிக்கு 30 கிலோமீற்றர் வேகக் காற்று அதன்மீது சுமார் 4 கிலோகிராம் நிறைக்குச் சமமான தள்ளுதலைச் செலுத்தும். 60 கிலோமீற்றர் காற்றில் அது 17 கிலோகிராம் அளவாகும். 80 கிலோமீற்றரில் 30 கிலோகிராமை எட்டும். நூறு கிலோகிராம் அளவே நிறையுள்ள சிறிய மோட்டார் சைக்கிளை அரிசி மூடையொன்றால் பக்கத்திலிருந்து இடிப்பதற்கு இது ஒப்பாகும்.

மோட்டார் சைக்கிளின் வேகமும் இதில் சம்பந்தப்படுகின்றது. வண்டி வேகமாகச் செல்லுந்தோறும் எதிர்க்காற்றும் பக்கக்காற்றும் கூடி, பக்கவாட்டு விசையும் அதிகரிக்கின்றது. அத்துடன், ஒரு வீச்சு வண்டியைத் தள்ளியதன் பின் அதனைத் திருத்திக் கொள்வதற்குள் வேகமாகச் செல்பவர் அதிக தூரம் கடந்து விடுகின்றார். ஆகவே பலத்த காற்றில் முதற் பாதுகாப்பு வேகத்தைக் குறைப்பதே. எனினும் நடைவேகத்துக்கு இறக்குவதும் தவறு. மிகக் குறைந்த வேகத்தில் வண்டி தன் உறுதியை இழந்து தள்ளாடும். நாற்பது கிலோமீற்றரை அண்டிய வேகத்திலும் வண்டி வழிக்கு வராவிடின், அன்றைய காற்று பயணத்துக்குரியதல்ல என்று தீர்மானிப்பதே விவேகம்.

பலர் காற்றடிக்கும்போது அச்சத்தால் கைப்பிடியை இறுகப் பற்றுகின்றனர். உடல் காற்றில் அசையும் ஒவ்வொரு அசைவும் அப்போது முன் சில்லுக்குச் செல்கின்றது. முழங்கால்களால் பெற்றோல் தாங்கியை இறுக்கி, சற்றே முன்குனிந்து, கைகளைத் தளர்வாக வைத்திருக்க வேண்டும். காற்று இடப்புறமிருந்து தள்ளினால் இடது கைப்பிடியை மெல்ல முன்னோக்கி அழுத்துக. வண்டி இடப்புறம், அதாவது காற்றை நோக்கிச் சாய்ந்து நேர்வழியில் செல்லும். வலப்புறக் காற்றுக்கு வலது கைப்பிடி. திடீரெனப் பிரேக் பிடிப்பதும் ஹாண்டிலை வெட்டித் திருப்புவதும் ஆபத்தை வரவழைக்கும்.

சோளக காலத்தில் மன்னாரை நோக்கிச் செல்பவருக்குக் காற்று இடப்புறமிருந்து வருகின்றது. அது அவரை வீதியின் நடுவுக்கு, எதிரே வரும் வாகனங்களின் பக்கம் தள்ளும். ஆதலால் அவர் தமது ஒழுங்கையின் இடப்பாகத்தில், ஓரத்து மணலில் இறங்காது செல்ல வேண்டும். மன்னாரிலிருந்து வெளியேறுபவருக்குக் காற்று வலப்புறம். அது அவரை வீதியோரத்துக்குத் தள்ளும். அவர் தமது ஒழுங்கையின் நடுவிலோ, நடுக்கோட்டைத் தொடாது சற்று வலப்பக்கமாகவோ செல்வது உகந்தது. வாடைக் காலத்தில் இவை தலைகீழாகும். எப்பக்கக் காற்று என்பதில் ஐயமிருப்பின் காற்றாலைக் கோபுரங்களைப் பார்க்கலாம். இயங்கும் விசிறி எத்திசையை நோக்கி நிற்கின்றதோ அத்திசையிலிருந்தே காற்று வருகின்றது.

காற்று வீசும்போதிலும் அது திடீரென நின்று மீண்டும் அடிக்கும்போதே விபத்துக்கான வாய்ப்பு அதிகம். மன்னாரிலிருந்து வருபவர் வலப்புறக் காற்றுக்கு எதிராக வலம் சாய்ந்தவாறு வருகின்றார். எதிரே ஒரு லொறியோ பஸ்ஸோ கடக்கும்போது அதன் உடல் காற்றை ஒரு கணம் மறைக்கின்றது. தாங்கி நின்ற காற்று இல்லாது போகவே வண்டி வலப்பக்கம், லொறியை நோக்கி இழுபடுகின்றது. லொறி கடந்ததும் காற்று மீண்டும் அடித்து அவரை இடப்பக்கம் எறிகின்றது. இவ்விரண்டும் ஓரிரு வினாடிகளில் நிகழ்ந்து முடிகின்றன. மன்னாரை நோக்கிச் செல்கையில் லொறியொன்றை முந்துபவருக்கும், அதன் முன்முனையைத் தாண்டும் கணத்தில் இதே அடி காத்திருக்கின்றது. பெரிய வாகனம் எதிரே தெரிந்ததும் வேகத்தைக் குறைத்து இடைவெளியைக் கூட்டுக. பாலத்தில் முந்துவதை அறவே தவிர்க்க. பனங்கூடல், மதில், கட்டடம் முடிந்து வெளி தொடங்கும் இடங்களிலும் இவ்வாறே ஆயத்தமாக இருத்தல் வேண்டும்.

சுமை பற்றியும் சொல்ல வேண்டும். பின்னிருக்கையில் ரெஜிபோம் பெட்டியைக் கட்டி மீன் விற்கச் செல்லும் சகோதரர்கள் பலர். மீன் நிறைந்த பெட்டியிலும், விற்றுத் திரும்பும் வெற்றுப் பெட்டியே காற்றில் கூடுதல் ஆபத்தானது. நிறை போய்விட்டது, பரப்போ அப்படியே இருக்கின்றது. உழைத்த களைப்பும் சேரும் அப்பயணத்திலேயே நிதானம் அதிகம் வேண்டும். பின்னால் அமரும் பெண்கள் சேலைத் தலைப்பையும் அபாயாவையும் துப்பட்டாவையும் இழுத்துச் செருகிக் கொள்ளல் அவசியம். காற்றில் பறக்கும் துணி சில்லில் சிக்கினால் கழுத்து இறுகவும் கூடும். பிள்ளைகளை முன்னால் இருத்திச் செல்வதைக் காற்றுக் காலத்தில் முற்றாக நிறுத்த வேண்டும். தலைக்கவசத்தின் வார் பூட்டப்படாவிடின் காற்றே அதனைக் கழற்றிவிடும்.

மன்னாருக்கே உரிய வேறு இடர்களும் உள. காற்று வாரிக் கொட்டும் மணல் காபட் வீதியில் மெல்லிய படையாகப் படிந்து டயரை வழுக்கச் செய்யும். கழுதைகள் வீதியில் நிற்பதும் படுப்பதும் நாமறிந்ததே. காற்றுடன் போராடுபவர் திடீரெனக் கழுதைக்கு விலக நேர்ந்தால் இரண்டும் சேர்ந்து அவரை வீழ்த்தும். ஆகவே இரவுப் பயணத்தை இயன்றளவு தவிர்ப்பது நன்று. பொதுவாகத் தரையில் காற்று நண்பகலுக்குப் பின் முறுகி வீசும், அதிகாலையில் தணிந்திருக்கும். தவிர்க்க இயலாத பயணத்தைக் காலையில் வைத்துக் கொள்வது சிறந்தது. வழியில் ஒதுங்க நேரின், காவோலை தொங்கும் பனையையும் விளம்பரப் பலகையையும் மின்கம்பியையும் தவிர்த்து நிற்க வேண்டும். இடப்புறத் தாங்கியில் வண்டியை நிறுத்துவோர், காற்று வலப்புறமிருந்து வந்து வண்டியைத் தாங்கியின் பக்கமே அழுத்துமாறு நிறுத்துவார்களாக.

இவை தனிமனிதர் செய்யக் கூடியவை. அரச நிறுவனங்களுக்கும் கடமையுண்டு. தலைமன்னாருக்கு எதிர்க்கரையில், பாம்பனில், பல தசாப்தங்கள் புகையிரதம் ஓடிய பழைய பாலத்தில் காற்றுமானி பொருத்தப்பட்டிருந்தது. காற்று மணிக்கு 58 கிலோமீற்றரைத் தாண்டினால் புகையிரதம் நிறுத்தப்பட்டது. 1879 டிசம்பரில் ஸ்கொட்லாந்தின் டே பாலம் புயலில் புகையிரதத்துடன் இடிந்து வீழ்ந்த பின்னர், பாலம் அமைப்போர் காற்றின் அழுத்தத்தை முறையாகக் கணக்கிடலாயினர். இன்று பிரித்தானியாவின் பெரும் பாலங்களில் காற்று மிகும்போது முதலில் தடுக்கப்படுபவற்றுள் மோட்டார் சைக்கிளும் ஒன்று. நூற்றுக்கணக்கான தொன் நிறையுள்ள புகையிரதத்துக்கே காற்றில் ஓர் எல்லை வகுக்கப்படுமாயின், மனைவியையும் பிள்ளையையும் ஏற்றிச் செல்லும் நூறு கிலோகிராம் வண்டிக்கு எல்லை வேண்டாமா?

மன்னார்த் தாம்போதியின் இரு முனைகளிலும் காற்றின் திசையும் வேகமும் தெரியும் வகையில் காற்றுப் பையும் எச்சரிக்கைப் பலகையும் இருக்க வேண்டும். வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு இது பெருஞ்செலவன்று. கடற்பரப்புக்கான காற்று அறிவித்தலில், கரையோர வீதிகளில் மோட்டார் சைக்கிள் செலுத்துவோருக்கும் ஒரு வரி சேர்க்கப்பட வேண்டும். அவ்வறிவித்தலைப் பள்ளிவாசல், தேவாலயம், கோவில் ஒலிபெருக்கிகளும் மீனவர் சங்கங்களும் ஊருக்கு எடுத்துச் சொல்லலாம். சாரதிப் பயிற்சி வழங்குவோர் பக்கக்காற்றைக் கையாளும் முறையைக் கற்பிக்க வேண்டும். விபத்து விசாரணைக் குறிப்பில் அவ்வேளைக் காற்றின் நிலையும் பதியப்பட வேண்டும். பதியப்படாத காரணத்துக்குப் பரிகாரம் தேட எவரும் முன்வரார்.

பத்திரிகையாளராகிய எமக்கும் இதில் பங்குண்டு. 'வேகக் கட்டுப்பாட்டை இழந்து' என்று அடுத்த முறை எழுதுமுன், அன்று காற்று எப்படியிருந்தது என்று நிருபரிடம் ஒரு வார்த்தை கேட்போம். வாசகர்கள் தமது பிள்ளை சாவியைக் கையில் எடுக்கும்போது அதே வினாவை வாசலில் நின்று கேட்பார்களாக. சோளகம் அடுத்த ஆண்டும் தவறாது வரும். அதற்கு முகங்கொடுக்க எமது பிள்ளைகள் ஆயத்தமாக இருக்க வேண்டும்.