மொட்டை மாடிக்கு வெள்ளையடித்தோம்

தாம்பரத்தில் கத்திரி வெயில் காலத்தில் நாலாவது மாடியில் குடியிருப்பது எப்படி என்பது அநுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். பகல் உஷ்ணத்தைப் பற்றி நாம் புகார் சொல்ல வரவில்லை. அது ஊருக்கெல்லாம் பொது. இரவு பத்து மணிக்கு, வெளியே காற்று ஆறிய பிறகும், தலைக்கு மேலுள்ள கான்கிரீட் தளம் தோசைக்கல்லைப் போல் அனல் வீசுகிறதே, அது மேல்மாடிக்காரர்களுக்கென்றே ஒதுக்கப்பட்ட சொத்து. மின்விசிறி அந்த அனலை ஒழுங்காகக் கீழே இறக்கிக் கொடுக்கிறது.

சென்ற கோடையில் ஒரு நாள் பின்னிரவில் விழித்துப் பார்த்தால், எழுபதைக் கடந்த நம் தாயார் கூடத்தில் ஈரத்துணியை விரித்து அதன் மேல் படுத்திருந்தார். நமக்குச் சற்றுப் பயமாகவே இருந்தது. வயதானவர்களுக்கு வியர்வை குறைவு. தாகமும் சரியாகத் தெரிவதில்லை. இரவிலும் ஆறாத உடம்பு மறுநாள் வெயிலைத் தாங்குவது கடினம். வெப்ப அலையை 2024-இல் தமிழ்நாடு அரசு மாநிலப் பேரிடராக அறிவித்தது வீண் காரியமன்று.

குளிர்சாதனம் வாங்கிவிடும்படி நண்பர்கள் உபதேசித்தார்கள். குளிர்ச்சியை விலைக்கு வாங்குவது சென்னைக்குப் புதிதில்லை. 1842-லேயே அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைக் கடற்கரையில் ஐஸ் ஹவுஸ் கட்டி வைத்து விற்றிருக்கிறார்கள். ஆனால் மின்சாரக் கட்டணம் ஒரு புறமிருக்க, அந்த யந்திரத்தின் வெளிப்பெட்டி கக்கும் அனல் யாருடைய ஜன்னலுக்குள் போகிறது என்பதை அடுத்த வீட்டுக்காரரைத்தான் கேட்க வேண்டும்.

உஷ்ணம் எந்த வழியாக வருகிறது என்று யோசித்தோம். ஏப்ரல் கடைசியில் சென்னையில் சூரியன் நடுப்பகலில் நேர் உச்சிக்கே வந்துவிடுகிறான். அப்போது சுவர்கள் தப்பித்துக்கொள்ள, அடி முழுவதும் மாடியின் மேல் விழுகிறது. பிற்பகலில் மேற்குச் சுவரின் முறை. கான்கிரீட் அத்தனையையும் வாங்கி வைத்துக்கொண்டு, சில மணி நேரம் கழித்து, நாம் பாயை விரிக்கும் சமயம் பார்த்து வட்டியுடன் திருப்பித் தருகிறது. பழைய சென்னை வீடுகளில் மர உத்திரத்தின் மேல் செங்கல் அடுக்கி, ஜல்லியும் சுண்ணாம்பும் கனமாகக் கொட்டி இடித்து, தட்டோடு பதித்தார்கள். நம் கட்டடத்தில் தட்டோடு இருக்கிறது; ஆனால் வருஷக்கணக்கான அழுக்கேறிக் கறுத்துப்போயிருந்தது.

மாடிக்கு வெள்ளையடிக்கலாம் என்று குடியிருப்போர் சங்கத்தில் பிரேரணை கொண்டுவந்தோம். "எங்களுக்கு அதனால் என்ன பிரயோஜனம்?" என்றார் முதல் மாடிக்காரர். நியாயமான கேள்விதான்! பிரேரணை தோற்றது. மேல்மாடிக் குடும்பங்கள் மூன்றும் கைக்காசைப் போட்டன. ஒரு ஞாயிறு விடியற்காலையில் மாடியைத் தேய்த்துக் கழுவி, வெடிப்புகளை அடைத்து, நீற்றிய சுண்ணாம்பைத் துணியில் வடிகட்டி, உதிராமலிருக்கக் கொஞ்சம் ஃபெவிகாலும் கலந்து அடித்தோம். ஒரு பூச்சு நன்றாகக் காய்ந்த பிறகே அடுத்தது, இப்படி மூன்று. குழந்தைகளின் உற்சாகத்தைச் சொல்லி முடியாது. அவர்கள் சட்டைகளின் கதியையும் அப்படித்தான்.

மறுவாரம் இரவில் ஸ்டூல் மேல் ஏறிக் கூரையைத் தொட்டுப் பார்த்தோம். குளிர்ந்திருந்தது என்றால் பொய். கையை எடுக்காமல் வைத்திருக்க முடிந்தது, அவ்வளவே. ஆனால் தாயார் ஈரத்துணியைத் தேடவில்லை.

மிச்சமெல்லாம் ஜன்னல் சாஸ்திரம். காலையில் வீசும் மேல்காற்று வறண்டது. வெயில் ஏறுமுன் ஜன்னல்களைச் சாத்தி, மேற்கே வெட்டிவேர்த் தட்டி கட்டி நனைத்தால் சுகமாயிருக்கும். பிற்பகலில் கடற்காற்று தாம்பரம் வரை வந்து சேர்ந்ததும் தட்டியைச் சுருட்டிவிட வேண்டும். ஈரக்காற்றில் ஈரத்தட்டி புழுக்கத்தைத்தான் கூட்டும். கிழக்கு ஜன்னல்களைத் திறந்து, எதிர்ப்புறத்திலும் ஒரு கதவைத் திறந்து வைத்தால் காற்று வீட்டைக் கடந்து போகும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் சுண்ணாம்பில் பாதி கரைந்துவிட்டது. வருஷா வருஷம் அடிக்க வேண்டியதுதான். இவ்வாண்டு பங்குனியிலேயே சுண்ணாம்பு மூட்டை வந்து மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது. வழியை அடைத்துக்கொண்டிருப்பதாக முதல் மாடிக்காரர் ஆட்சேபித்திருக்கிறார்.