அசல் வீடியோவை அழிக்காதீர்கள்

விபத்தையோ அடிதடியையோ கைபேசியில் படம்பிடித்தவர், அதை வாட்ஸ்அப்பில் நாலு பேருக்கு அனுப்பிவிட்டு, இடம் போதவில்லையென்று அசலை அழித்துவிடுகிறார். வழக்கு என்று வந்தால் இதுவே அவர் கையைக் கட்டிவிடும். வழக்கமான முறையில் அனுப்பும் வீடியோவை வாட்ஸ்அப் சுருக்கிவிடுகிறது. அப்போது ஓடும் வண்டியின் நம்பர் பிளேட், இருட்டில் நிற்பவர் முகம் போன்ற நுண்விவரங்கள் மங்குகின்றன; கழிந்த விவரத்தை எந்தச் செயலியாலும் உள்ளபடி மீட்க முடியாது. எடுத்த நேரம், இடம், கருவி பற்றிக் கோப்புக்குள் பதிந்திருந்த குறிப்புகளும் பெரும்பாலும் போய்விடுகின்றன.

கண்ணுக்கு வித்தியாசமே தெரியவில்லையே என்று கேட்கலாம். நீதிமன்றம் கண்ணை மட்டும் நம்புவதில்லை. 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 63ஆம் பிரிவுப்படி, மின்னணுப் பதிவின் நகலோடு சான்றிதழும் தர வேண்டும். அதில் கோப்பின் ஹாஷ் மதிப்பு இருக்க வேண்டும். கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் எண், எழுத்து வரிசை அது. கோப்பில் துளி மாறினாலும் ஹாஷ் மாறிவிடும். சுருக்கிய நகலின் ஹாஷ் அசலோடு பொருந்தாது. வேறென்ன மாற்றினீர்கள் என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்டால், ஒப்பிட்டுக் காட்ட அசல் வேண்டும். சுருக்கிய நகலையும் நீதிமன்றம் ஏற்கலாம், உண்மைதான். ஆனால் ஏற்பது வேறு, அதை எவ்வளவு நம்புவது என்பது வேறு.

பெரிய கோப்பை அனுப்ப வழியில்லை என்பதும் முழுக்கச் சரியல்ல. யுஎஸ்பி கேபிளில் கணினிக்கு நகலெடுத்தால் எதுவும் குறையாது. வாட்ஸ்அப்பிலேயே ‘டாக்குமென்ட்’ ஆக இணைத்தால் 2 ஜிபி வரை அப்படியே போகும். பென் டிரைவ் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பை ஏற்க மறுத்தால், அது பெரும்பாலும் ஃபேட்32 முறையில் இருக்கும். உள்ளிருப்பதை வேறிடத்தில் வைத்துவிட்டு எக்ஸ்ஃபேட்டுக்கு மாற்றினால் போதும். ஜிப் செய்வதால் வீடியோ கெடாது, பெரிதாகச் சுருங்கவும் செய்யாது.

அழித்துவிட்டவர்கள் முதலில் கேலரியின் குப்பைத்தொட்டியைப் பார்க்க வேண்டும். ஐபோனில் 30 நாள் வரை இருக்கும். பதிவு பிறரிடம் இருந்து, அவர் சான்றிதழ் தர மறுத்தால், அந்தச் சான்றிதழைப் பெற்றுத்தரும்படி நீதிமன்றத்தைக் கேட்கலாம் என்று பழைய சாட்சியச் சட்டத்தின் கீழ் 2020இல் அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. சிசிடிவி பதிவுகளோ சில நாட்களில், சில வாரங்களில் தாமாகவே அழிந்து புதியவை ஏறிக்கொள்ளும். அதனால் பதிவைப் பத்திரப்படுத்தும்படி கடைக்காரரிடமும் காவல் நிலையத்திலும் அன்றைக்கே எழுத்தில் கேட்டு, கொடுத்ததற்கு ஒப்புகை வாங்கிவிட வேண்டும்.