பல் படும் இடம்

சாக்ஸபோன் பித்தளை, நல்ல கிளாரினெட் என்றால் பெரும்பாலும் ஆப்பிரிக்கக் கருமரம். உருவமும் குரலும் வேறானாலும் இரண்டுக்கும் வாய் வைக்கும் பகுதி ஒரே அமைப்புதான். 1846இல் பாரிஸில் அடோல்ஃப் சாக்ஸ் காப்புரிமை பெற்ற கருவியிலும் கிளாரினெட்டைப் போல ஒற்றை ரீடுதான். கருவி என்ன விலையானாலும், ஒலி பிறப்பது, வாய் வைக்கும் பகுதியான மவுத்பீஸின் அடியில் கட்டிய அந்த ரீடுத் தகட்டில். அதைச் சுற்றி விற்கிற சிறு பொருட்களில் எது தேவை, எது வெறும் ஆசை என்று வாங்குமுன் தெரிந்துகொள்வது நல்லது.

நாகஸ்வரச் சீவாளியில் இரண்டு தகடுகள் முகம் பார்த்திருக்கும். உதடு மட்டுமே அதைப் பிடிக்கும். இங்கே தகடு ஒன்றுதான். அருண்டோ டோனக்ஸ் என்ற நாணலைச் சீவி எடுப்பது. தென் பிரான்சின் வார் பகுதி நாணலுக்குத் தனிப் பெயர் உண்டு. நுனியின் தடிமன் சுமார் 0.1 மில்லிமீட்டர். அதைக் கீழுதடு தாங்க, மேற்பற்கள் மவுத்பீஸின் முதுகில் ஊன்றும்.

பல் ஊன்றும் அந்த இடத்தில் ஒட்டுவதுதான் பேட்ச். தடிமன் ஒரு மில்லிமீட்டரைக்கூடத் தாண்டாத ஒட்டுத் துண்டு. புதிதாகக் கற்பவர் முதலில் வாங்க வேண்டியது இதைத்தான் என்பேன். பல் வழுக்கினால் கை தானாகக் கருவியை இறுக்கும், தாடை கடிக்கும். கடித்தால் ரீடுக்கும் மவுத்பீஸ் நுனிக்கும் உள்ள இடைவெளி சுருங்கி, ஒலி அடைத்துப்போகும். கத்ரி கோபால்நாத் வழியில் சாக்ஸபோனில் கர்நாடக இசை வாசிப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். கமகத்துக்காகத் தாடை தளர்ந்து இறுகும்போது மேற்பல் நிலையாக நிற்க வேண்டுமே.

இன்னொரு பலன் காதில் இருக்கிறது. மவுத்பீஸின் அதிர்வு பல் வழியாக மண்டையோட்டில் ஏறி உட்செவியை எட்டுகிறது. வாசிப்பவர் தன் ஒலியைக் காற்றிலும் எலும்பிலும் சேர்த்தே கேட்கிறார். பேட்ச் ஒட்டியதும் எலும்பு வழி வருவது குறைய, தன் ஒலியே மெலிந்ததுபோல் தோன்றும். எதிரே இருப்பவருக்குப் பெரிய மாற்றம் தெரியாது. உலோக மவுத்பீஸில் பல் கூசுபவர்களுக்கு இது பெரிய நிம்மதி. மவுத்பீஸை நன்றாகத் துடைத்து ஈரமில்லாமல் ஒட்டுங்கள். பல் பதிந்து குழி விழுந்தால் மாற்றிவிடுங்கள்.

ரீடைப் பிடித்து நிறுத்துவது லிகேச்சர். ஒரு காலத்தில் நூலைச் சுற்றிக் கட்டினார்கள். ஜெர்மானியக் கிளாரினெட் கலைஞர் சிலர் இன்றும் அப்படித்தான் கட்டுகிறார்கள். மற்றவர்களுக்குத் திருகாணி வைத்த உலோகப் பட்டையோ தோல் பட்டையோ இருக்கிறது. தங்க முலாம் பூசினால் ஒலி மாறும் என்று விற்பார்கள். மாற்றம் பெரும்பாலும் வாசிப்பவரின் நாக்குக்கும் பல்லுக்கும்தான் தெரியும், பத்தாவது வரிசையில் இருப்பவருக்கு அல்ல என்பது என் எண்ணம். இறுக்கம்தான் கவனிக்க வேண்டியது. கட்டைவிரலால் தள்ளினால் ரீடு நகரக் கூடாது. அதற்குமேல் திருகினால் அடிப்பகுதி வளைந்து கீச்சிடும்.

ரீடின் நுனியைக் காக்க மவுத்பீஸுக்கு மூடி அவசியம். ஆனால் ஈர ரீடை மூடிக்குள்ளேயே விட்டால் பூஞ்சை பிடிக்கும். கழற்றித் துடைத்துத் தட்டையான ரீடு பெட்டியில் வையுங்கள். மவுத்பீஸ் கெட்டி ரப்பராக இருந்தால் வெதுவெதுப்பான நீர் போதும்; வெந்நீர் பட்டால் கந்தக வாடை அடித்துப் பச்சை ஏறிவிடும்.